வெக்கை, ஹீட், அசுரன்: சொல்லாமல் விடப்பட்டதன் மூன்று வடிவங்கள்

முன்னுரை

பூமணியின் ‘வெக்கை’ நாவல் 1982இல் வெளிவந்தது. முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர், 2019ஆம் ஆண்டில், அது இரு வழிகளில் புதியவர்களைச் சென்றடைந்தது. என். கல்யாணராமன் அதனை ‘ஹீட்’ என்னும் பெயரில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். வெற்றிமாறன் அதனைத் தழுவி ‘அசுரன்’ திரைப்படத்தை இயக்கினார். நாவல் வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டவற்றை இவ்விரு வடிவங்களும் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாவல் சொல்லாதவை

தன் அண்ணனின் கொலைக்குக் காரணமான வடக்கூரானின் கையை வெட்ட எண்ணிய பதின்வயதுச் சிதம்பரம் அவனைக் கொன்றுவிடுகிறான். பின்னர்த் தந்தையுடன் காட்டிலும் மலையிலும் மறைந்து திரியும் சில நாள்களே நாவலின் காலம். பகைக்கு வேர் நிலம். ஆயினும் சாதிப் பெயரை ஆசிரியர் எங்கும் கூறுவதில்லை. சமைத்தல், உறங்க இடம் தேடுதல், உறவினரைப் பற்றிய பேச்சு ஆகியவற்றாலேயே கதை நகர்கிறது. இதனால் கொலை செய்த சிறுவன் குற்றவாளியாகவோ வீரனாகவோ தோன்றாமல், ஒரு குடும்பத்தின் பிள்ளையாகவே வாசகர் முன் நிற்கிறான்.

மொழிபெயர்ப்பின் எல்லை

தருமபுரி மாவட்டத்து இண்டூரில் வளர்ந்த வாசகர் கோவில்பட்டிக் கரிசல் வழக்கின் சில சொற்களில் தயங்கக்கூடும். எனினும் யார் யாரை எவ்வாறு விளிக்கிறார், யாருடைய நிலத்தில் யார் உழைக்கிறார் என்பவற்றைக் கொண்டே சாதிய உறவை அவர் உணர்ந்துகொள்வார். அயல்நாட்டு ஆங்கில வாசகருக்கு இத்துணை இல்லை. தமிழில் அடக்கமாக அமைந்தது ஆங்கிலத்தில் தகவலின்மையாக மாறும் வாய்ப்புண்டு. தலைப்பிலும் இச்சிக்கல் உள்ளது. சூடு, வெப்பம், புழுக்கம், வெக்கை எனத் தமிழ் பிரித்தறிவதை ‘ஹீட்’ என்னும் ஒரே சொல் தாங்க வேண்டியுள்ளது. உடலை விட்டு நீங்காமல் அழுத்தும் காந்தலே வெக்கை. சிதம்பரத்தின் மனநிலையும் அதுவே.

திரையில் பெயர்பெற்ற வரலாறு

நாவல் விட்ட இடங்களை ‘அசுரன்’ வரலாற்றால் நிரப்புகிறது. 1892இல் பிரித்தானிய அரசு ஒடுக்கப்பட்டோருக்கு வழங்க முன்வந்த பஞ்சமி நிலத்தின் மீட்புப் போராட்டம், செருப்பணிந்த பெண்ணுக்கு நேரும் அவமதிப்பு, குடிசைகள் எரிக்கப்படுதல் ஆகியன தந்தையின் இளமைக்காலக் கதையாக விரிகின்றன. எரியும் குடிசைகள் 1968 டிசம்பர் 25இல் 44 பேர் உயிரிழந்த கீழ்வெண்மணியை நினைவூட்டுகின்றன. திரையரங்கில் அமர்ந்திருக்கும் பெருந்திரளுக்கு நிலவுரிமையின் வரலாற்றை உணர்த்தியது இப்படத்தின் பெரும்பேறு.

இதற்கு நேர்மாறான வழியை ஹங்கேரியில் காணலாம். லாஸ்லோ கிராஸ்னஹோர்கையின் ‘சாத்தான்டாங்கோ’ (1985) நாவலை பேலா தார் 1994இல் ஏழு மணி நேரத்திற்கும் மேற்பட்ட படமாக்கினார். திரைக்கதையில் நாவலாசிரியரும் பங்கேற்றார். நாவலின் நெடிய வாக்கியங்களுக்கு ஈடாக நெடிய காட்சித் துண்டுகள் அமைந்தன. அங்குத் திரைப்படம் நாவலின் நடையைக் காத்தது. ‘அசுரன்’ நாவலின் நடையைத் துறந்து, அதன் அடியிலிருந்த வரலாற்றை மேலே கொணர்ந்தது.

மாறிய மையம்

இம்மாற்றத்திற்கு ஒரு விலையும் உண்டு. நாவலின் மையம் சிறுவன். படத்தின் மையம் தந்தை சிவசாமி. நாவலின் முடிவில் தந்தையும் மகனும் நீதிமன்றத்தை நோக்கிச் செல்கின்றனர். படத்திலோ தந்தை பழியைத் தானே ஏற்று, மகனுக்குக் கல்வியை வலியுறுத்திச் செல்கிறார். செயலுக்கு உரியவனாக இருந்த சிறுவன் அறிவுரை கேட்பவனாகிறான். ஒரு சூழலைக் குறித்த தலைப்பு ஒரு மனிதனைக் குறிப்பதாக மாறியதும் இதன் தொடர்ச்சியே.

முடிவுரை

நாவல் உணரவைக்கிறது, மொழிபெயர்ப்பு வாசகரின் முன்னறிவை நம்புகிறது, திரைப்படம் பெயரிடுகிறது. படம் எழுப்பிய நிலவுரிமைக் கேள்வி இன்றியமையாதது. ஆனால் படத்தின் வழியே ‘வெக்கை’யை அறிவோர் அதனை ‘அசுர’னின் மூலக்கதை என்று மட்டும் கொண்டால், பூமணி எழுப்பிய கேள்வியை இழப்பர். அநீதிக்கு எதிராகக் கையோங்கிய ஒரு சிறுவனை இச்சமூகமும் சட்டமும் என்ன செய்யப்போகின்றன? திரைப்படம் தந்தையின் ஈகத்தால் அதற்கு விடையளித்துவிடுகிறது. நாவல் அவ்விடையை வாசகரிடமே விட்டுச்செல்கிறது.