நெருப்பு பட்ட பித்தளை

பழைய பித்தளை பொம்மை ரயில் என்ஜின் ஒன்று கையில் கிடைத்தால் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். புகைபோக்கி, விசில், மினுமினுப்பு எல்லாம் மேலே இருக்கும். அவை கடைக்கு வருகிறவர் கண்ணுக்காக வைத்தவை. செய்தவரின் மூளை அடிப்பக்கத்தில் இருக்கும். பாய்லரின் வயிற்றில் கருகல் இருக்கிறதா, திரி போட்ட ஸ்பிரிட் விளக்கு உட்கார இடம் இருக்கிறதா, சக்கரத்தை விரலால் உருட்டினால் சிலிண்டருக்குள் பிஸ்டன் போய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றும் இருந்தால் அது சாவி கொடுத்து ஓட்டும் பொம்மையும் இல்லை, மின்சார பொம்மையும் இல்லை. தண்ணீர் ஊற்றி, தீ மூட்டி, ஆவி பிடித்து ஓடும் நிஜமான நீராவி என்ஜின் அது. அளவு மட்டும்தான் சிறியது.

நான் இருப்பது வேலப்பன்சாவடி. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய இந்தப் பக்கத்துக் காயலான் கடைகளில் பித்தளைக்கு ஒரே கேள்விதான்: கிலோ என்ன விலை? உடைந்த குத்துவிளக்கும், ஓட்டை அண்டாவும், தண்ணீர்க் குழாயும் ஒரே தராசில் ஏறும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் பழம்பொருளுக்கு மரியாதை உண்டு. ஆனால் அங்கேகூட நீராவி பொம்மையை அலங்காரச் சாமானாகத்தான் பெரும்பாலும் எடுத்து வைக்கிறார்கள். இந்தப் பொருளின் மதிப்பு அதன் எடையிலும் இல்லை, பளபளப்பிலும் இல்லை. அதற்குள் நடந்திருக்கும் வேலையில் இருக்கிறது. அந்த வேலையைப் படிக்கத் தெரிந்துவிட்டால், பெயர் பொறிக்காத என்ஜின்கூடத் தன் ஊரையும் காலத்தையும் சொல்லிவிடும்.

நீராவி பொம்மை நமக்கு அந்நியமும் இல்லை. திருவிழாக் கடைகளில் தண்ணீர்த் தாம்பாளத்துக்குள் டபடபவென்று சுற்றிவரும் தகரப் படகு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதில் பிஸ்டன் கிடையாது, சக்கரம் கிடையாது. சின்னத் தகர பாய்லர், பின்பக்கம் திறந்த குழாய், அடியில் ஒரு சுடர். ஆவி தண்ணீரை வெளியே தள்ளும். குளிர்ந்து சுருங்கும்போது திரும்ப உள்ளே இழுக்கும். தாமஸ் பியோ என்பவர் 1891-இல் பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ரயில் என்ஜினுக்கு வரும்போது வேலை இன்னும் கடினமாகிறது. தள்ளுவதும் இழுப்பதும் சக்கரத்தின் சுழற்சியாக மாற வேண்டும். ஆவி சரியான நேரத்தில் உள்ளே வந்து சரியான நேரத்தில் வெளியேற வேண்டும்.

இதை மிகக் குறைந்த உறுப்புகளால் சாதித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ‘பர்மிங்காம் டிரிப்ளர்’. போன வழியெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனதால் அந்தப் பெயர். தண்டவாளம் கிடையாது, தரையிலேயே ஓடும். முன் அச்சைச் சற்றுத் திருப்பி வைத்தால் வட்டமடிக்கும். லண்டனின் ஸ்டீவன்ஸ் மாடல் டாக்யார்ட், கிளாஸ்கோவின் கிளைட் மாடல் டாக்யார்ட் போன்ற கடைகள் இவற்றை விற்றன. பலவற்றில் பெயர் இருக்காது.

என்னிடம் அப்படிப் பெயரில்லாத ஒன்று இருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். முன்னால் சின்னச் சக்கரங்கள், பின்னால் பெரிய சக்கரங்கள். பக்கவாட்டில் இருக்கும் சிலிண்டர் நிலையாக நிற்பதில்லை. ஒரு முளையைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறது. சிலிண்டரில் ஒரு துளை. அது உரசும் தட்டையான முகத்தில் இரண்டு துளைகள், ஆவி வர ஒன்று, போக ஒன்று. ஆட்டத்தின் ஒரு பக்கம் முதல் துளையோடு சேரும், மறுபக்கம் அடுத்ததோடு சேரும். வால்வு என்று தனியாக எதுவுமில்லை. சிலிண்டரின் ஆட்டமே வால்வு. இரண்டு முகங்களையும் ஒட்டிப் பிடிக்க ஒரு சுருள் ஸ்பிரிங் மட்டும். அதைக் கழற்றிப் பார்த்தால், உரசிய முகத்தில் பிறை வடிவில் ஒரு தேய்மானம் தெரிகிறது. சிலிண்டர் ஆடிய வளைவு எதுவோ, சரியாக அந்த வளைவு. புதிதாகச் செய்து அமிலம் தடவிப் பழசாக்கிய என்ஜினில் எல்லா இடமும் ஒரே பழுப்பாக இருக்கும். இந்தப் பிறை இருக்காது. தேய்மானம் இயக்கத்தின் வழியில்தான் விழும். பழையதையும் போலியையும் பிரிக்க நான் நம்பும் முதல் சான்று இதுதான்.

ஒரே ஜோடி பெரிய சக்கரத்தில் முழு வேகத்தையும் எடுக்கும் இந்த அமைப்பு அந்தக் காலத்து நிஜ ரயிலின் அமைப்பும்தான். லீட்ஸில் 1855-இல் கட்டப்பட்ட ஈ.ஐ.ஆர்-21 என்ஜினை 2010-இல் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்காரர்கள் மறுபடியும் ஓட வைத்தார்கள். எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே அது பாரம்பரிய ஓட்டம் போனதைப் பார்த்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நடுவில் ஒரு ஜோடி பெரிய இயக்குசக்கரம், முன்னும் பின்னும் சிறியவை. டிரிப்ளரைச் செய்த பித்தளை ஆசாரி தன் நாட்டு ஸ்டேஷனில் நின்ற அந்த வகை என்ஜினைப் பார்த்துவிட்டு வந்துதான் தகட்டை வெட்டியிருக்கிறார் என்பது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்டம் ஜெர்மனியின் நூரம்பெர்க்குக்கு மாறியது. பிங், கரேட், எர்ன்ஸ்ட் பிளாங்க், ஷோனர் எல்லாம் அந்த ஊர்க் கம்பெனிகள். மார்க்லின் மட்டும் கோப்பிங்கன். 1891-இல் லைப்சிக் சந்தையில் மார்க்லின் தண்டவாள அகலங்களுக்கு எண் கொடுத்தது. அன்றிலிருந்து பொம்மை ரயில் ஒரு முழு உலகமாயிற்று: இன்று ஒரு என்ஜின், அடுத்த வருஷம் அதே தண்டவாளத்துக்கு ஒரு பெட்டி. சேகரிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஜெர்மன் பட்டியல்கள் ஒரு தண்டவாளத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை அளந்தன. அதனால் 35 மி.மீ. என்று அச்சிட்டிருப்பது இன்றைய 32 மி.மீ. ‘0’ கேஜ், 48 என்பது 45 மி.மீ. ‘1’ கேஜ்.

இந்தக் கம்பெனிகளின் முத்திரையே காலக் கணக்கு. பிங் முதலில் ‘ஜி.பி.என்.’ என்று போட்டது. முதல் உலகப் போரை ஒட்டி அது ‘பி.டபிள்யூ.’ ஆனது, 1930-களின் தொடக்கத்தில் கம்பெனியே முடிந்தது. கரேட்டின் தொழிற்சாலை 1917-இல் மூடியது. அதற்குப் பிந்தைய காலத்தைச் சொல்லி ஒரு கரேட்டை விற்றால் சந்தேகப்படலாம். ‘டி.ஆர்.ஜி.எம்.’ என்ற ஜெர்மன் பதிவுக்குறி 1891-க்குப் பிறகுதான் வரும். பிரிட்டனின் 1887 வணிகக்குறிச் சட்டத்துக்குப் பின் நாட்டின் பெயர் பொறிக்கும் வழக்கம் பரவியது. எனவே ‘ஜெர்மனி’ என்ற சொல்லும் ஒரு தேதிதான்.

இந்த ஜெர்மன் கைத்திறனை ஆங்கிலேயரின் ரயில் ஆசையோடு சேர்த்தவர் நார்தாம்டனின் பாசெட்-லோக். 1900 பாரிஸ் கண்காட்சியில் அவர் பிங்கின் வேலையைப் பார்த்தார். அதன் பிறகு நூரம்பெர்க் என்ஜின்கள் பிரிட்டிஷ் ரயில் கம்பெனிகளின் நிறத்தில் வந்தன. குவாலியர் ஜெய்விலாஸ் அரண்மனையின் சாப்பாட்டு மேஜையில் ஓடிய வெள்ளி ரயிலும் 1906-இல் அவருடைய கம்பெனி செய்ததுதான். அது மின்சாரத்தில் ஓடுவது, நம் பேச்சுக்கு வெளியே. ஆனாலும் அந்தப் பெயர் இந்தியாவுக்குள் எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பதற்கு அது சாட்சி.

நல்ல ஜெர்மன் என்ஜின்களில் சிலிண்டர் ஆடாது; உறுதியாக நிற்கும். மேலே ஒரு சறுக்கு வால்வு. அதை அச்சில் மையம் விலக்கிப் பொருத்திய ஒரு வட்டம் இயக்கும். இதில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு நழுவும் வட்டம். வட்டத்தை அச்சோடு இறுக்கிவிடாமல் கொஞ்சம் சுற்ற விட்டிருப்பார்கள். என்ஜினைப் பின்னோக்கி ஓட்ட வேண்டுமா? கையால் பின்பக்கம் சற்றுத் தள்ளினால் போதும். வட்டம் நழுவி அடுத்த முட்டில் போய் நிற்கும். ஆவி வரும் நேரம் மாறிவிடும். நெம்புகோல் இல்லை, கூடுதல் கம்பி இல்லை. குழந்தை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமே என்ஜின் ஓடும். இவ்வளவு சிக்கனமான சிந்தனையைப் பெரிய என்ஜின்களில்கூட அபூர்வமாகத்தான் பார்க்கலாம்.

முத்திரை தேய்ந்து போயிருந்தால் ஸ்க்ரூவைக் கேட்க வேண்டும். ஜெர்மன் என்ஜினில் பெரும்பாலும் மெட்ரிக் மரை. பிரிட்டிஷ் சின்ன வேலைகளில் 1884-இல் வகுத்த பி.ஏ. மரை பரவலாக வந்தது. பி.ஏ. பூஜ்யமும் 6 மி.மீ. மெட்ரிக்கும் விட்டத்தில் ஒன்றுதான், இழை இடைவெளியும் ஒன்றுதான். ஆனால் இழையின் கோணம் வேறு, 47.5 பாகை. மரை அளவியை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். கூட்டல் குறித் தலை ஸ்க்ரூ இருந்தால், 1930-களுக்குப் பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள். சக்கரம் துத்தநாகக் கலவையில் வார்த்ததாக இருந்து மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தால், அது கலவையில் கலந்த அசுத்தத்தால் உள்ளிருந்தே வந்த நோய். கீழே போட்டதால் வந்ததில்லை. வாங்குமுன் பூதக்கண்ணாடியில் எல்லா ஆரங்களையும் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் இந்த என்ஜின்களுக்குப் பெரிய எதிரி துருவும் இல்லை, வெடிப்பும் இல்லை. புளிதான். பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்க்க வேண்டும் என்பது நம் வீடுகளின் பழக்கம். குத்துவிளக்குக்கு அது நியாயம். என்ஜினுக்கு அது முத்திரையின் எழுத்தையும், கோணங்களின் கூர்மையையும், ஆசாரியின் அரத்தடத்தையும் சேர்த்து அழித்துவிடும். பழுப்பேறிய மேற்பரப்பு அழுக்கு இல்லை. அதுதான் அந்தப் பொருளின் ஆவணம். மென்துணி, துளி எண்ணெய், பொறுமை. இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இந்த பாய்லர்களில் பலவும் பற்றாசு வைத்து ஒட்டியவை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தப் பற்றாசு 183 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். ஸ்பிரிட் சுடரோ அதைவிடப் பல மடங்கு சூடு. ஆனாலும் மூட்டு பிரிவதில்லை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை, ஒரு பார் அழுத்தத்தில் தகடு ஏறக்குறைய 120 பாகையைத் தாண்டாது. மிச்சச் சூட்டையெல்லாம் தண்ணீர் ஆவியாகி எடுத்துக்கொண்டு போகும். தண்ணீர் வற்றிய அடுத்த நிமிஷமே மூட்டு விட்டுப்போகும். வயிற்றுப் பக்கத்தில் நீலம் பாய்ந்து, மூட்டில் பற்றாசு மணிமணியாக உருண்டிருந்தால் அந்த பாய்லர் வறண்டு வெந்தது என்று பொருள். அதை அலமாரியில் வைக்கலாம், மூட்டக் கூடாது.

மூட்ட நினைப்பவர் முதலில் குளிர்ந்த தண்ணீரால் பாய்லரை நிரப்பி, ஓட்டும் அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு கைப் பம்பால் ஏற்றிச் சோதிக்க வேண்டும். தண்ணீர் சுருங்காது, பலவீனமான இடம் இருந்தால் கசியும், வெடிக்காது. பாதுகாப்பு வால்வு பழையதாக இருந்தால் அம்பத்தூரில் ஒரு நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புதிதாகக் கடைந்துகொள்வது நல்லது. பெரிய உதிரி பாகங்களைக் கடையும் கைகளுக்குச் சுண்டுவிரல் நகமளவு வேலை கொடுத்தால் அவர்கள் காட்டும் அக்கறை தனி. புதிய பாகத்தின் உட்புறம் செய்த வருஷத்தைப் பொறிக்கச் சொல்லுங்கள். பழையதைத் தூக்கிப் போடாமல் பெட்டியிலேயே வையுங்கள். நாளைக்கு வாங்குகிறவருக்கு எது அசல், எது நம் கை என்று தெரிய வேண்டும்.

பெட்டி பிரிக்காத, தீயே காணாத என்ஜினுக்கு ஏலத்தில் விலை அதிகம். என் ரசனை வேறு. அடிப்பெயிண்ட் கொப்புளித்து, புகைபோக்கி மங்கி, திரிக்குழாயின் வாய் கருகிய என்ஜின் எனக்கு மேலானது; அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்திருக்கிறது. ஐரோப்பியப் பட்டியல்கள் யார் செய்தது, எப்போது செய்தது என்பதையெல்லாம் சொல்லிவிடும். அந்த என்ஜின் எந்தக் கப்பலில் யார் பெட்டிக்குள் வந்தது, எந்த வீட்டுத் தாழ்வாரத்தில் ஓடியது, யாருடைய தாத்தா தீக்குச்சி கிழித்தார் என்பதை அவை சொல்லாது. விற்கிறவர் வீட்டிலேயே அதைக் கேட்டு, ஊரும் வருஷமும் சேர்த்து எழுதி, என்ஜினோடு வைக்க வேண்டும். இங்கே சேகரிப்பவர்தான் அந்தப் பக்கத்தை எழுத முடியும். எழுதாமல் வாங்கி வைத்தால் அவரும் எடைக்கு வாங்கியவர்தான்.