சுறாவைப் படிக்க எந்தக் கரைக்குப் போவது?

கடல் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளிடம் ஓர் ஆசை வளர்ந்துவருகிறது. வெளிநாட்டுச் சுறா ஆய்வு நிலையம் ஒன்றில் சில வாரம் தங்க வேண்டும், படகில் போய் உயிருள்ள சுறாவைப் பிடித்து அளந்து, அடையாளக் குறி பொருத்தித் திரும்பக் கடலில் விட வேண்டும் என்ற ஆசை. பஹாமாஸ், தென்னாப்பிரிக்கா போன்ற இடங்களில் இப்படிப்பட்ட பயிற்சிகள் நடக்கின்றன. பெரும்பாலானவற்றில் கட்டணம் கட்டித்தான் சேர முடியும். ஆசையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குமரி மாவட்டத்திலிருந்து பார்க்கும்போது அதன் நிறைகுறைகளை நாம் வேறொரு தராசில் நிறுத்தியாக வேண்டும். ஆழ்கடல் சுறா வேட்டைக்கு இந்தியாவெங்கும் பெயர்பெற்ற ஊர்கள் இந்த மாவட்டத்தின் மேற்குக் கோடியில்தான் இருக்கின்றன. நாகர்கோவில் மாணவருக்கு அவை பேருந்து தூரம். அந்த ஊர்களைத் தாண்டிச் சென்று சுறாவைப் படிப்பதில் நாம் பெறுவது என்ன, இழப்பது என்ன என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொட்டுக் கற்பதன் பலம்

முதலில் நிறையைச் சொல்ல வேண்டும். பஹாமாஸின் பிமினித் தீவில் சாமுவேல் குரூபர் 1990இல் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார். அங்குள்ள ஆழமற்ற காயலில் எலுமிச்சைச் சுறாக் குட்டிகளை ஆண்டுதோறும் வலையிட்டுப் பிடிக்கிறார்கள். தோலுக்கடியில் அரிசியளவு சில்லு ஒன்றைப் பொருத்தி, துடுப்பில் துளியளவு திசு எடுத்தபின் திரும்ப நீரில் விடுகிறார்கள். இந்த வேலையைச் செய்பவர்களில் கணிசமானோர் பயிற்சிக்கு வந்த மாணவர்களும் தன்னார்வலர்களும்தான். ஒருவர் செய்யும் சில வார வேலை தனியாகப் பார்த்தால் அற்பம். ஆனால் அவர்கள் கைமாற்றிக் கைமாற்றிச் சேர்த்த இருபது ஆண்டு மரபணுப் பதிவிலிருந்துதான், பெண் சுறா தான் பிறந்த அதே காயலுக்குத் திரும்பிவந்து குட்டி போடுகிறது என்ற உண்மை தெரியவந்தது. ஒரு காயலை மண்ணிட்டு மூடினால் ஒரு சுறாக் குடும்பத்தின் பேறுகால அறையை மூடுகிறோம் என்று அரசிடம் வாதாட அந்தச் சான்று உதவும். சம்பள ஆய்வாளர்களை மட்டும் வைத்து இத்தனை நீண்ட பதிவை நடத்துவது எந்த நிலையத்துக்கும் கடினம்.

இரண்டாவது பலம், அச்சம் விலகுவது. திரைப்படம் வளர்த்த பயத்தோடு போகிற இளைஞர், சுறாவை மல்லாத்திப் பிடித்தால் அது அசைவற்றுக் கிடப்பதைத் தன் கையால் உணர்கிறார். அதன்பின் அவர் சுறாவைப் பற்றிப் பேசும் விதமே மாறிவிடும். சுறா, திருக்கை உள்ளிட்ட குருத்தெலும்பு மீன் இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவின் விளிம்பை நோக்கிப் போவதாக 2021இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. திறந்த பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970க்குப் பிறகு 71 விழுக்காடு சரிந்துவிட்டதாக அதே ஆண்டின் மற்றோர் ஆய்வு கணக்கிட்டது. இந்த நேரத்தில் சுறாவுக்காகப் பேச ஆள் வேண்டும். அந்த ஆட்களை இத்தகைய பயிற்சிகள் உருவாக்குகின்றன என்பதை மறுக்க முடியாது.

பயிற்சியின் குறைகள்

முதல் குறை கட்டணம். விமானச் செலவு, விசா, தங்குமிடம் என்று சேர்த்துப் பார்த்தால் மீனவக் குடும்பத்துப் பிள்ளை அந்த வாசலையே எட்ட முடியாது. விளைவாக, சுறா அறிவியலில் நுழைபவர்கள் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளாகவே இருந்துவிடுகிறார்கள். இதை அமெரிக்காவிலேயே உணர்ந்தார்கள். கருப்பினப் பெண் ஆய்வாளர்கள் நால்வர் 2020இல் ‘மைனாரிட்டீஸ் இன் ஷார்க் சயின்சஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கி, கட்டணமில்லாத பயிலரங்குகளை நடத்தத் தொடங்கினார்கள். காசு வாங்கித்தான் சுறாவைக் கற்பிக்க முடியும் என்பது இயற்கை விதி அல்ல என்று அவர்கள் காட்டினார்கள்.

இரண்டாவது குறை, தொடுவதையே பரிசாக்கிவிடுவது. தூண்டிலில் சிக்கிய சுறா போராடும்போது அதன் இரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. எல்லா இனமும் அதை ஒன்றுபோலத் தாங்காது. சுத்தியல்போன்ற தலையுடைய கொம்பன் சுறா விரைவில் துவண்டுவிடும். விடுவித்த பிறகும் சாகக்கூடும். ஆய்வுக் கேள்வி ஒன்று இருந்தால் அந்த ஆபத்துக்கு நியாயம் உண்டு. புகைப்படத்துக்காகவும் சான்றிதழுக்காகவும் ஒரு கொம்பன் சுறாவைப் படகோரத்தில் கட்டிவைத்தால் அது பாதுகாப்பு ஆகாது. பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் மாணவர் முதலில் கேட்க வேண்டியது, “எத்தனை சுறாவைத் தொடலாம்?” என்பதை அல்ல. “எந்தக் கேள்விக்காக, எத்தனை ஆண்டாகப் பிடிக்கிறீர்கள்?” என்பதைத்தான்.

மூன்றாவது குறை நம்மை நேராகப் பாதிப்பது. உலகச் சுறாப் பாதுகாப்புப் பாடத்தின் நடுநாயகம் துடுப்பு வணிகம்: துடுப்பை அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசும் கொடுமை. ஆனால் இந்தியக் கரையில் பெரும்பாலும் சுறா முழுசாகவே வந்து இறங்குகிறது. இறைச்சி உள்ளூரிலேயே புட்டாகவும் குழம்பாகவும் கருவாடாகவும் தீர்ந்துபோகிறது. துடுப்பை உடலோடு சேர்த்தே இறக்க வேண்டும் என்ற கொள்கையை நடுவண் அரசு 2013இல் கொண்டுவந்தது. 2015இல் துடுப்பு ஏற்றுமதியையும் தடைசெய்தது. அதன் பிறகும் சுறா வலையில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. உள்ளூர்ச் சந்தையும், வேறு மீனுக்கு விரித்த இழுவலையும் செவுள்வலையும்தான் இங்கே பெரிய காரணங்கள். பஹாமாஸில் படித்த பாடத்தை அப்படியே குளச்சலில் வந்து சொல்பவர், செய்யாத குற்றத்தை மீனவர்மேல் சுமத்துகிறார். நடந்துகொண்டிருக்கும் சிக்கலைக் காணாமலும் விட்டுவிடுகிறார்.

தூத்தூர்க் கரை அறிந்தது

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை. முதலில் சொன்ன மேற்குக் கோடியின் இந்த எட்டு ஊர்க்காரர்கள் ஆயிரங்கால் தூண்டிலோடு விசைப்படகில் ஏறினால் திரும்ப ஒரு மாதமாவது ஆகும். லட்சத்தீவு தாண்டி, சாகோஸ் தீவுகளின் எல்லைவரை போய் அங்கே சிறைப்பட்டவர்களும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கரையின் எச்சரிக்கை எட்டாத ஆழ்கடலில் இருந்தவர்களும் இவர்கள்தான். எந்த மாதம் எந்தச் சுறா எந்த ஆழத்தில் கடிக்கும், சினைப்பட்டது எந்தப் பக்கம் வரும், எந்தக் கடலில் முன்பு கிடைத்தது இப்போது கிடைப்பதில்லை என்பதை எல்லாம் இவர்கள் அனுபவத்தில் வைத்திருக்கிறார்கள்.

இந்த அறிவைக் கேட்காமல் சட்டம் செய்தால் என்ன ஆகும் என்பதை 2001இல் பார்த்தோம். அந்த ஆண்டு ஜூலையில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் எல்லாச் சுறாக்களையும் திருக்கைகளையும் ஒட்டுமொத்தமாக வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. ஒரே நாளில் ஒரு வட்டாரத்தின் தொழில் குற்றமானது. தூத்தூர் மீனவர் சங்கத்தினரும் பிறரும் போராடினார்கள். டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது: திமிங்கிலச் சுறா, வேளா இனங்கள், கங்கைச் சுறா போன்றவை அதில் நின்றன. பட்டியல் சுருங்கினாலும் சந்தேகம் சுருங்கவில்லை. ‘சுறாப் பாதுகாப்பு’ என்று யார் வந்தாலும் தொழிலைப் பறிக்க வந்தவராகவே பார்க்கும் மனநிலை அன்று விழுந்த காயத்தின் தொடர்ச்சி. 2022இன் சட்டத் திருத்தம் பட்டியலை மீண்டும் விரிவாக்கியிருக்கிறது. இன்று இந்தக் கரையில் ஒரு கல்வித் திட்டம் தொடங்குபவர் இந்த வரலாற்றைத் தெரியாமல் படகுத்துறையில் கால்வைக்கக் கூடாது.

மணலில் கிடக்கும் ஒரு குட்டி

இரண்டு அறிவும் சேரும் இடம் எது என்று கேட்டால், மீன் இறங்கும் கரையைத்தான் காட்டுவேன். முட்டத்திலோ குளச்சலிலோ விடிகாலையில் செவுள்வலை மீனைக் கொட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவே ஒரு முழ நீளத்தில் கொம்பன் சுறாக் குட்டி ஒன்று கிடக்கிறது. மாணவி முதலில் தலையின் முன்விளிம்பைப் பார்க்கிறாள். நட்டநடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தால் ஓர் இனம். பள்ளமின்றி விளிம்பு சீராக வளைந்தால் வேறோர் இனம். பிறகு மல்லாத்துகிறாள். வயிற்றுத் துடுப்புகளின் உள்ளோரத்தில் விரல்போல இரண்டு உறுப்புகள் நீண்டிருந்தால் ஆண். அடுத்து மார்புத் துடுப்புகளுக்கு இடையே தொப்புள் தழும்பைத் தேடுகிறாள். கொம்பன் சுறா தாய்வயிற்றில் தொப்புள்கொடி வழியே உணவு பெற்று வளர்ந்து குட்டியாகவே பிறப்பது. தழும்பு ஆறாமல் திறந்திருந்தால் இந்தக் குட்டி பிறந்து அதிக நாளாகவில்லை. நாடாவால் நீளம் அளந்து, படம் எடுத்து முடிப்பதற்குள் ஏலம் தொடங்கிவிடும்.

அந்தத் தழும்பு சொல்வது பாதிச் செய்தி. மீதிப் பாதி வலை இழுத்தவரிடம் இருக்கிறது. “எந்தப் பக்கம் கிடச்சுது அண்ணே?” என்று அவள் கேட்டால், எத்தனை பாகம் ஆழத்தில் வலை கிடந்தது, அடியில் சேறா பாறையா, நீவாடு (நீரோட்டம்) எந்தத் திசையில் ஓடியது, இதுபோலக் குட்டிகள் சேர்ந்து விழுந்தனவா என்பதை அவர் சொல்வார். இரண்டையும் சேர்த்தால் ஒரு சுறாவின் பிறப்பிடம் வரைபடத்தில் விழுகிறது. அதைக் காப்பாற்ற அந்த மாதத்தில் அந்த இடத்தில் மட்டும் வலையை ஒதுக்கினால் போதும். கரை முழுவதற்கும் தடை வேண்டியிருக்காது. இத்தனையும் ஒரு நாடா, ஒரு குறிப்பேடு, நல்ல கண், நல்ல பழக்கம் ஆகியவற்றால் முடிகிற காரியம். செத்த மீனைப் பார்ப்பதால் எந்தச் சுறாவுக்கும் புதிய துன்பமும் இல்லை.

கரைப் படிப்பின் எல்லைகள்

கரைப் படிப்பிலும் பலவீனம் உண்டு. அதை மறைத்தால் எடைபோடல் நேர்மையாகாது. வலையும் தூண்டிலும் கொண்டுவந்ததை மட்டுமே கரை காட்டும். பிடிபடாத சுறா எங்கே உலவுகிறது, எவ்வளவு தூரம் வலசை போகிறது என்பதற்கு உயிருள்ள சுறாவில் குறி பொருத்தியே ஆக வேண்டும். தூத்தூர் ஆழ்கடல் படகுகள் பலவும் மீனைக் கொச்சி போன்ற பெரிய துறைமுகங்களில்தான் இறக்குகின்றன. ஆகவே தூத்தூர் மணலில் மட்டும் நின்றால் பெரிய சுறா அதிகம் கண்ணில் படாது. பட்டியலிட்ட இனத்தைக் கையாள வனவிலங்குச் சட்டப்படி அனுமதி வேண்டும். தற்செயலாக வலையில் விழுந்த பட்டியல் இனத்தை ஒரு மாணவர் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டால், அந்தப் படமே மீனவருக்கு எதிரான சாட்சியாகக்கூடும். அப்படி ஒன்று நடந்துவிட்டால் அந்தக் கரையில் யாரும் யாரிடமும் வாய்திறக்கமாட்டார்கள். மீன்கிடைக்கும் இடம் ஒரு மீனவரின் முதலீடு. அதை ஆய்வேட்டில் அச்சிடுமுன் அவரிடம் சம்மதம் கேட்பது மரியாதை மட்டும் அல்ல, கடமையும்கூட.

மீனவர் அறிவையும் கண்ணைமூடி ஏற்கத் தேவையில்லை. சுறா குறைந்ததற்கு வெளியூர் இழுவைப்படகைக் காரணம் காட்டுவது எளிது. தன் தூண்டிலையும் கணக்கில் சேர்ப்பது கடினம். பதிவு இருந்தால்தான் அந்தப் பேச்சு நியாயமாக நடக்கும்.

செய்யக்கூடியது

குமரியில் இதற்கு வேண்டிய நிறுவனங்கள் இருக்கின்றன. இராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது. தூத்தூரில் புனித யூதா கல்லூரி இருக்கிறது. கரையோர வாழ்வை விடாமல் எழுதிவரும் வறீதையா கான்ஸ்தந்தின் அங்கே விலங்கியல் கற்பித்தவர். பக்கத்து விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு மையம் இயங்குகிறது. இல்லாதது இவற்றை மீனவரோடு இணைக்கும் நிலையான ஓர் ஏற்பாடு.

குஜராத்தில் அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அங்கே திமிங்கிலச் சுறாவைக் காக்க 2004இல் தொடங்கிய இயக்கத்தில், வலையில் சிக்கிய சுறாவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு அரசு இழப்பீடு தருகிறது. விடுவிப்பதைப் படமெடுக்கும் கேமராவும் மீனவர் கையிலேயே கொடுக்கப்பட்டது. வேட்டையாடிய அதே கைகள் நூற்றுக்கணக்கான திமிங்கிலச் சுறாக்களை விடுவித்துப் பதிவும் செய்தன. மீனவரை நம்பிக் கருவியைக் கொடுத்தால் அறிவியலுக்கு ஆள் கிடைக்கிறது என்பதற்கு அது சான்று.

இங்கே நான் கேட்பது இவ்வளவுதான். கடலை விட்டு ஓய்ந்த தூண்டில்காரர்களைச் சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக அமர்த்துங்கள். அறிக்கையில் அவர்கள் பெயரையும் ஆய்வாளர் பெயரோடு சேர்த்து அச்சிடுங்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும்போது வகுப்பை நடத்துங்கள். மற்ற மாதங்களில் மாணவர்கள் துறைமுகத்தில் பதிவு எடுக்கட்டும். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முதல் இடம் கொடுங்கள். இதைப் பத்து ஆண்டு விடாமல் நடத்துங்கள்.

பஹாமாஸுக்குப் போகும் வாய்ப்பு கிடைத்த மாணவர் தாராளமாகப் போகட்டும். அங்கே கற்கும் ஒழுங்கும் பொறுமையும் நமக்கும் வேண்டியவை. ஆனால் தூத்தூரில் ஒரு பருவம் நின்று பழகிவிட்டுப் போகட்டும். அப்போதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் அவருக்குத் தெரியும். திரும்பிவந்த பிறகு அந்தப் பயிற்சியைக் கொண்டு நம் கடலில் என்ன செய்வது என்பதும் தெரியும்.