சட்டோபாத்தியாயரும் சாட்டர்ஜியும்

சரத் சந்திரரைத் தமிழில் படிக்க ஆரம்பித்த நாளில் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. ஒரு புத்தகத்தின் அட்டையில் சரத் சந்திர சட்டோபாத்தியாயர் என்று போட்டிருக்கும். இன்னொரு புத்தகத்தில் சரத் சந்திர சாட்டர்ஜி. இரண்டு சரத் சந்திரர்கள் ஒரே மாதிரி எழுதுகிறார்களே என்று நான் ஆச்சரியப்பட்டதுண்டு. எங்கள் கல்லூரி நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் பெரியவர்தான், "இரண்டும் ஒரே மனுஷன்தான், தம்பி. ஒன்று சமஸ்கிருதம், இன்னொன்று வெள்ளைக்காரன் வாயில் விழுந்தது" என்று சந்தேகத்தைத் தீர்த்து வைத்தார்.

அவர் சொன்னது முக்கால்வாசி சரி. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே வங்காளி தன் பேச்சில் அந்தப் பெயரைச் சுருக்கிவிட்டான். கிராமத்தில் சட்டோபாத்தியாயரைக் கூப்பிடும்போது அவர் 'சாட்டுஜ்ஜே' ஆகிவிடுவார். முகோபாத்தியாயர் 'முகுஜ்ஜே', பந்த்யோபாத்தியாயர் 'பாண்டுஜ்ஜே' அல்லது 'பாருஜ்ஜே'. ஆங்கிலேயரின் கச்சேரிக் காகிதங்களில் ஏறியபோது இவை சாட்டர்ஜி, முகர்ஜி, பானர்ஜி என்று ஆயின. பெயரின் பின்பாதியில் இருப்பது நமக்கும் தெரிந்த உபாத்தியாயர்தான். முன்பாதி, பரம்பரையாகச் சொல்லப்படுகிறபடி, முன்னோருக்கு மானியமாகக் கிடைத்த கிராமத்தின் பெயர். அதாவது இன்ன ஊர் வாத்தியார் என்பதற்கு மேல் அந்தப் பெயரில் வேறு பொருள் இல்லை. நம் ஊரிலும் வாத்தியார்கள் இருந்தார்கள். ஆனால் ஊர் வாத்தியார் என்பதையே ஒரு சிம்மாசனமாகச் செய்து வைத்துக்கொண்டது வங்காளம்தான்.

அந்தச் சிம்மாசனத்துக்கு ஒரு கதை உண்டு. ஆதிசூரன் என்ற அரசன் யாகம் செய்ய விரும்பினானாம். உள்ளூர்ப் பிராமணர்களுக்கு வேதம் போதாதென்று கன்னோசியிலிருந்து 5 பிராமணர்களை வரவழைத்தானாம். அவர்களுடன் வந்த 5 பேரின் சந்ததியே கோஷ், பாசு, மித்ரா, குஹா, தத்தா என்ற காயஸ்தக் குடும்பங்களாம். பின்னால் 12-ம் நூற்றாண்டில் பல்லாள சேனன் இந்தக் குடும்பங்களில் சிறந்தவற்றைப் பொறுக்கி எடுத்து, 'குலீனர்' என்று பட்டம் கொடுத்தானாம். தத்தா மட்டும், தான் யாருக்கும் ஏவலாளாக வரவில்லை என்று சொல்லி, அந்த ரோஷத்துக்காகக் குலீனப் பட்டத்தை இழந்தான் என்பார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் தத்தாதான்.

சரித்திர ஆசிரியர்கள் இதை ஒப்புவதில்லை. ஆதிசூரனுக்கு ஒரு கல்வெட்டுக்கூட இல்லை. சேன அரசர்களின் செப்பேடுகளில் பிராமணர்களுக்கு நிலம் கொடுத்த செய்தி உண்டு. குலீனப் பட்டம் கொடுத்த செய்தி இல்லை. இந்த வம்சாவளிப் புத்தகங்களெல்லாம் பல நூறு வருஷங்களுக்குப் பிறகு எழுதப்பட்டவை. குப்தர் காலத்திலேயே வங்காளத்தில் பிராமணர்கள் நிலம் பெற்றிருந்தார்கள் என்பதற்குச் செப்பேடு இருக்கும்போது, கன்னோசிக்கு ஆள் அனுப்ப என்ன அவசியம் என்றும் கேட்கலாம். கதை எழுதுகிறவனுக்கு இந்த வாதம் பாதிதான் உதவும். ஆதிசூரன் பொய்யாக இருக்கலாம். அவனை நம்பிப் பெண்ணைக் கொடுத்த தகப்பன் பொய்யில்லை.

அந்தத் தகப்பனுக்கு வந்த வினை இதுதான். குலீனன் தனக்குக் கீழான பிராமணர் வீட்டிலும் பெண் எடுக்கலாம். குலீனப் பெண்ணோ கீழே போகக் கூடாது. கணக்குத் தெரிந்தவர்களுக்கு விளைவு உடனே தெரியும். மாப்பிள்ளைகளுக்கு எங்கும் கிராக்கி. பெண்களோ வீட்டில் தேங்கினார்கள். சட்டோபாத்தியாயர் என்ற பெயர் இருந்தால் போதும், ஊர் ஊராகக் கல்யாணம் செய்துகொண்டு அதிலேயே ஜீவனம் நடத்தலாம். வித்யாசாகரர் 1871-ல் பலதார மணத்தை எதிர்த்து எழுதிய புத்தகத்தில், ஹூக்ளி ஜில்லாவின் குலீனர்களைப் பெயர், வயது, ஊர், மனைவியரின் எண்ணிக்கை சகிதம் ஜாபிதா போட்டுக் கொடுத்தார். 80 கல்யாணம் செய்தவர் அதில் இருக்கிறார். வித்யாசாகரர் என்பது பட்டம். அவருடைய குடும்பப் பெயரும் பந்த்யோபாத்தியாயர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. தம் வீட்டுக் கூரையின் மேலேயே ஏறி நின்று அவர் கூவினார்.

இனி நாவல்களுக்கு வருகிறேன். விபூதிபூஷண் பந்த்யோபாத்தியாயரின் 'பதேர் பாஞ்சாலி' 1929-ல் புத்தகமாக வந்தது. அதில் வரும் இந்திர் டாக்ருண் என்ற கிழவியை, 1955-ல் வந்த சத்யஜித் ராயின் படத்தில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவள் ஏன் இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் கிடந்து சாகிறாள்? படத்தில் அவள் வெறும் அநாதைக் கிழவி. நாவலில் அவள் ஒரு குலீனனின் மனைவி. அவன் எப்போதாவது வந்து ஓரிரு இரவு தங்குவான். தனக்குச் சேர வேண்டிய காசை வாங்கிக்கொண்டு அடுத்த மாமனார் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவான். புருஷன் முகமே அவளுக்குச் சரியாக நினைவில்லை. இதை ஆசிரியர் சில வரிகளில் சொல்லி மேலே போய்விடுகிறார். ஆனால் அந்த முதல் பகுதிக்கு அவர் வைத்த தலைப்பு 'பல்லாளி பாலாய்'. பல்லாளன் கொண்டுவந்த பீடை என்று சொல்லலாம். 1968-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தத் தலைப்பு 'கிழ அத்தை' என்று ஆகிவிட்டது. ஆங்கில வாசகனுக்குப் பல்லாளனைத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் குற்றவாளியின் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் செத்தவளின் உறவுமுறையை எழுதி வைத்தது எனக்குச் சம்மதமில்லை.

நம் தமிழிலும் இந்தக் குறை உண்டு. த. நா. குமாரஸ்வாமி, த. நா. சேனாபதி போன்றவர்கள் வங்காளியைக் கற்று நேராக நமக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் கடனை நாம் தீர்க்கவே முடியாது. ஆனால் பொதுவாக நாம் வங்க நாவலைப் படிக்கும்போது ரமேஷையும் ஸந்தியாவையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டு, பின்னால் வரும் குடும்பப் பெயரைக் கண்ணால் தாண்டிவிடுகிறோம். ஜாதிப் பெயரை உதறுவதே மரியாதை என்று பழகிய ஊர் நம்முடையது. 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே அதற்குத் தீர்மானம் போட்டாயிற்று. நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கத்தோடு 'பாமுனேர் மேயே'யைப் படித்தால் கதையே கையிலிருந்து நழுவிவிடும்.

சரத் சந்திரர் 1920-ல் எழுதிய இந்தச் சிறு நாவலில், ஸந்தியாவின் தகப்பனார் பிரிய முகுஜ்ஜே ஒரு சாது, ஹோமியோபதி பைத்தியம். முகுஜ்ஜே என்ற பெயர்தான் அந்த வீட்டின் ஆஸ்தி. ஸந்தியாவின் கல்யாண வேளையில் உண்மை உடைகிறது. பிரியனின் தகப்பன் என்று சொல்லப்பட்ட குலீனன், தன் மனைவியரின் வீடுகளுக்குத் தானே போகாமல், தன் பெயரைச் சொல்லிக்கொண்டு போக ஒரு நாவிதனை அனுப்பியிருக்கிறான். பிரியன் அந்த நாவிதனின் மகன். சட்டியில் உப்பில்லை என்று தெரியாமலே மூன்று தலைமுறை சமைத்த கதை! குலீனன் தன் பெயரை ஊர் ஊராக வாடகைக்கு விட்டான் என்பதைவிடக் கொடிய பரிகாசம் கிடையாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நாவலின் அயோக்கியன், விதவை மைத்துனியைக் கெடுத்துவிட்டு ஊருக்குத் தர்மம் சொல்லுகிற கோலோக், ஒரு சாட்டுஜ்ஜே. தம் சொந்தக் குடும்பப் பெயரையே எடுத்து அவனுக்குச் சூட்டியிருக்கிறார் சரத் சந்திரர். சட்டோபாத்தியாயர் என்று அட்டையில் படித்துவிட்டு உள்ளே சாட்டுஜ்ஜேயைப் படிக்கிற வங்க வாசகனுக்கு அது சுரீரென்று பட்டிருக்கும். நமக்குப் படுவதில்லை.

இவ்வளவு புகழ்ந்த பிறகு எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அந்த நாவிதன் என்ன ஆனான்? அவனும் ஒரு மனிதன், கூலிக்குப் போனவன். அவன் ரத்தம் கலந்தது என்பதைச் சரத் சந்திரர் இடியாக விழவைக்கிறார். வாசகன் நடுங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். குலீனனின் போலித்தனத்தை உடைக்க நாவிதன் இழிந்தவன் என்ற எண்ணத்தையே சம்மட்டியாகப் பிடித்துக்கொண்டால், உடைந்தது எது, உடையாமல் நின்றது எது? ஸந்தியா தகப்பனோடு ஊரை விட்டுப் போகும்போது என் கண் கலங்கியது. ஆனால் இந்தக் கேள்வி கண்ணீரில் கரையவில்லை.

எல்லாப் பெயரும் இப்படிக் காட்டிக் கொடுப்பவை அல்ல. நவாபுகள் காலத்து உத்தியோகப் பெயர்களான மஜூம்தார், சர்க்கார், பிஸ்வாஸ், ராய், சௌத்ரி முதலியவை பல ஜாதிகளில் உண்டு. சர்க்காரும் பிஸ்வாஸும் சௌத்ரியும் முஸ்லிம்களிலும் உண்டு. 'பதேர் பாஞ்சாலி'யின் ஹரிஹர ராய் பிராமணர். படமெடுத்த ராயின் முன்னோர் காயஸ்தர்கள். ராம்மோகன் ராயின் வம்சமோ பந்த்யோபாத்தியாயர். நம்மோடு சம்பந்தப்பட்ட ஒரு வேடிக்கை: சட்டோபாத்தியாயர் வீட்டில் பிறந்த சரோஜினி, 1898-ல் சென்னையில் ஜாதி விட்டு ஜாதி கல்யாணம் செய்துகொண்டு, நாயுடு என்ற இன்னொரு ஜாதிப் பெயரோடு உலகப் புகழ் பெற்றார்.

பெயரே இல்லாதவர்கள் கதைக்குள் எப்படி வருகிறார்கள் என்பதையும் பார்க்கலாம். மாணிக் பந்த்யோபாத்தியாயரின் 'பத்மா நதிர் மாஜி' 1936-ல் வந்தது. அதில் குபேரனுக்கு மாஜி, படகோட்டி, என்பதே அடையாளம். பத்மா நதியையும் பசியையும் மாணிக் எழுதியிருப்பது போல எழுத எனக்குக் கை வராது. இருந்தும் அந்தக் குடிசைகளை அவர் கரையில் நின்றுதான் பார்க்கிறார். அத்வைத மல்லவர்மனோ மாலோ என்ற மீனவ ஜாதியில் பிறந்தவர். அவருடைய பெயரைக் கேட்டாலே வங்காளிக்கு ஜாதி தெரியும். 1951-ல் அவர் இறந்த பிறகு, 1956-ல் 'திதாஷ் ஏக்டி நதிர் நாம்' புத்தகமாக வந்தது. அதில் வலையின் கண்ணியும் நூல் முறுக்கும் திருவிழாப் பாட்டும் உள்ளிருந்து வருகின்றன. ஏழ்மை அதில் காட்சிப் பொருள் இல்லை. அந்த நாவலில் கணவனைப் பிரிந்து, மகனோடு முன்பின் தெரியாத மாலோக் கிராமத்துக்கு வந்து நூல் நூற்றுப் பிழைக்கிற பெண்ணுக்கு ஆசிரியர் குடும்பப் பெயர் வைக்கவில்லை, சொந்தப் பெயரும் வைக்கவில்லை. ஊரார் அவளை அனந்தனின் அம்மா என்றே கூப்பிடுகிறார்கள்.