கூறியது கூறலும் அணியாதல்: கலைடாஸ்கோப் போர்வைக் கலை – ஒரு திறனாய்வு

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களுள் 'கூறியது கூறல்' ஒன்று என்பது நன்னூலார் கொள்கை. வந்த எழுத்துத் தொடரே மீண்டும் வந்து வேறு பொருள் தருவதை 'மடக்கு' என்னும் அணியாக வைத்துச் சிறப்பிப்பது தண்டியலங்காரம். ஒரே செயல் ஓரிடத்தில் குற்றமாகவும் மற்றோரிடத்தில் அணியாகவும் நிற்பது எவ்வாறு? இலக்கண வகுப்பில் நன்மாணாக்கர் எழுப்பும் வினா இது. இதற்குரிய விடையை ஏட்டில் மட்டுமே தேடவேண்டும் என்பதில்லை. தையற்கலையிலும் அது கிடைக்கிறது. ஒரே உரு திரும்பத் திரும்ப அச்சான துணியை வெட்டி, அத்துண்டுகளை வட்டமாகக் கூட்டித் தைத்து ஆக்கும் கலைடாஸ்கோப் போர்வையை ஈண்டு ஆராய்வோம். அதன் நிறையையும் குறையையும் எடைபோடும்போது, திரும்பக் கூறல் எப்பொழுது கலையாகிறது என்பது தானே விளங்கும்.

பெயரும் வரலாறும்

மூன்று கண்ணாடிப் பட்டைகளை முக்கோணமாகக் கட்டி, அடியில் உடைந்த வளையல் துண்டுகளை இட்டுச் சிறுவர் செய்யும் விளையாட்டுக் குழாயை நாம் அறிவோம். ஸ்காத்லாந்து அறிவியலறிஞர் டேவிட் புரூஸ்டர் 1816இல் இதனைக் கண்டறிந்து 1817இல் காப்புரிமை பெற்றார். அழகு, வடிவம், காணுதல் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களைக் கூட்டிக் 'கலைடாஸ்கோப்' எனப் பெயரிட்டவரும் அவரே. வடிவங்களை வரைந்து பிழைக்கும் தொழிலாளர்க்கு இக்கருவி துணைசெய்யும் என்று, 1819இல் வெளியிட்ட தம் நூலில் அவர் கருதினார்.

அக்கருத்து தையற்கலையில் தழைத்தது அமெரிக்க நாட்டில். அங்கு ஒட்டுத்துணிப் போர்வை நெடுநாளைய வழக்கு. துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சுப்பட்டை, அடியில் முழுத்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவித் தைப்பது அதன் இலக்கணம். 1990களில் பெத்தனி ரெய்னால்ட்சு, அச்சுத்துணியை அடுக்கி ஒருசேர வெட்டும் முறையை நூல்வழிப் பரப்பினார். ஒரே துணியைக் கொண்டு அறுகோணப் பூக்களால் முழுப் போர்வையையும் நிரப்பும் முறையை 2006இல் மேக்சின் ரோசந்தால் நூலாக்கினார். இத்துறையின் தலைசிறந்த கலைஞராக மதிக்கப்படுபவர் நியூயார்க் நகரத்துப் பிராங்ஸ் பகுதியைச் சேர்ந்த பாலா நாடெல்ஸ்டெர்ன். அவருடைய போர்வைகளுக்கெனவே அமெரிக்க நாட்டார் கலை அருங்காட்சியகம் 2009இல் தனிக் கண்காட்சி நடத்தியது.

ஆக்கும் முறை

அச்சுத்துணியில் ஓர் உரு தொடங்கி, அதே உரு மீண்டும் தொடங்கும் இடம்வரை உள்ள நீளமே ஒரு 'சுற்று'. பெரிய பூக்களுடைய துணியில் இது 24 அங்குலம்வரை இருக்கும். ஆறு இதழ் வேண்டின் ஆறு சுற்றும், எட்டு இதழ் வேண்டின் எட்டுச் சுற்றும் வெட்டியெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். மேல்துணியில் ஒரு பூவின் நடுப்புள்ளியில் இறங்கிய ஊசி, கீழுள்ள ஒவ்வொரு துணியிலும் அதே பூவின் அதே புள்ளியில் இறங்கவேண்டும். இவ்வாறு பல இடங்களில் ஊசி குத்தி நிறுத்தியபின், அடுக்கு முழுவதையும் ஒரே வெட்டில் ஆப்பு வடிவமாக நறுக்குவர். ஆறு இதழுக்கு 60 பாகை, எட்டு இதழுக்கு 45 பாகை. கிடைக்கும் துண்டுகள் அச்சு அசலாக ஒத்திருக்கும். முனைகளை நடுவில் சேர்த்து வட்டமாகத் தைத்தால், கடையில் வாங்கிய துணியில் எங்கும் காணாத புதுப்பூ ஒன்று மலரும்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. எட்டுத் துண்டும் 45 பாகையாக இருந்தால்தான் வட்டம் 360 பாகையில் நிறைவுறும். ஒவ்வொன்றிலும் ஒரு பாகை மிகுந்தால் 368 ஆகிவிடும். துணி தட்டையாகப் படியாது, ஓரம் அலையலையாக எழும். ஒரு பாகை குறைந்தால் நடுவிடம் குடைபோல் உப்பும். குறுக்கிழையில் வெட்டப்பட்ட ஓரமோ கையில் எடுத்தாலே நீளும். ஒரு துண்டில் செய்த பிழை அத்துண்டோடு நிற்பதில்லை; எட்டு மடங்காகிறது. திரும்பக் கூறுவோன் தன் பிழையையும் திரும்பக் கூறுகிறான் என்பது இக்கலை தரும் முதற்பாடம்.

அச்சின் ஒருமை

இக்கலைக்கு மூலப்பொருள் துணி என்பதைவிட, துணியில் உள்ள மாறா ஒருமை என்பதே பொருந்தும். அவ்வொருமை பழங்காலத்தில் இல்லை. நாம் 'சீட்டி' என்று வழங்கும் பூந்துணியைச் சோழமண்டலக் கடற்கரைத் தொழிலாளர் தூரிகை கொண்டு கையால் எழுதினர். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அத்துணி ஐரோப்பாவைக் கவர்ந்தது. உள்நாட்டு நெசவைக் காக்கப் பிரான்சு 1686இலும் இங்கிலாந்து 1700, 1721ஆம் ஆண்டுகளிலும் தடைச்சட்டம் இயற்றும் அளவுக்கு அதன் மோகம் பெருகிற்று. கிடைத்தற்கரிய அத்துணியின் பூக்களை மேல்நாட்டுப் பெண்டிர் கத்தரித்தெடுத்து வெள்ளைத் துணிமேல் ஒட்டித் தைத்துப் போர்வையாக்கினர். மேல்நாட்டுப் போர்வைக் கலையின் முன்வரலாற்றில் தமிழகக் கடற்கரைக்கும் பங்குண்டு என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. ஆயினும் கையால் எழுதிய பூ ஒன்றுபோல் மற்றொன்று இராது. அடுக்கி வெட்டினால் இதழ்கள் பொருந்தா. 1783இல் தாமஸ் பெல் உருளை அச்சுக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே, உருளையின் ஒரு சுழற்சிக்கு ஒரு சுற்றாக, மாறாத உரு துணியில் பதியலாயிற்று.

சிலிபினிலும் ஈப்போவைச் சூழ்ந்த முன்னாள் ரப்பர்த் தோட்டங்களிலும் நம் தாய்மார் உடுத்திய பாத்திக் சாரோங்கைக் கொண்டும் இதனை விளக்கலாம். கிளந்தான், திரெங்கானு பட்டறைகளில் செப்பு அச்சை உருகிய மெழுகில் தோய்த்துத் துணியில் ஒற்றும் முறை உண்டு. அச்சு ஒன்றே; ஒற்றும் கை மனிதக் கை. ஓரிடத்தில் மெழுகு தடிக்கும். ஓரிடத்தில் அச்சு மயிரிழை விலகும். அத்துணியை ஆறடுக்காக வெட்டிச் சேர்த்தால், தையலருகே கோடுகள் சற்றே தவறிச் சந்திக்கும். இயந்திரத்தில் அச்சிட்ட சாரோங்கில் அத்தவறு இராது. எந்திரத்தின் ஒருமை கலைக்குப் பகை என்று பேசுவது நம்மிடையே வழக்கம். இங்கோ அவ்வொருமையே கலைக்கு விதையாகிறது. எந்திரம் ஒன்றையே ஆயிரம் முறை சொல்லிச் செல்கிறது. அதைப் புதிதாகச் சொல்ல வைப்பவள் தையற்காரி.

கண்ணாடியும் சுழற்சியும்

பெயர்ப் பொருத்தம் பற்றி ஒரு தடை எழுப்பலாம். கலைடாஸ்கோப்பில் காண்பது பிரதிபலிப்பு. வலம் இடமாகத் திரும்பிய உருவம். அடுக்கி வெட்டிய துண்டுகளோ யாவும் ஒரே முகமாக இருப்பவை. அவற்றை வட்டமாக வைத்தால் கிடைப்பது சுழற்சி; காற்றாடியின் இறக்கைகள் போல எல்லா இதழும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். துணியைப் புறம் திருப்பித் தைக்கலாமெனின், பின்புறத்தில் சாயம் மங்கியிருக்கும். எனவே இப்போர்வைகளுட் பல கலைடாஸ்கோப் என்னும் பெயரை உவமையாக மட்டுமே கொண்டவை. நாடெல்ஸ்டெர்ன் இக்குறையை அறிந்து, வலமும் இடமும் ஒத்த உருக்களையுடைய துணிகளைத் தேர்ந்தெடுத்தார். அதனால் அவர் போர்வைகளில் மெய்யான கண்ணாடித் தோற்றம் அமைகிறது. ஒரு துண்டின் கோடு அடுத்த துண்டில் தொடர்வதால் தையல் எங்குள்ளது என்பதே கண்ணுக்குப் புலனாவதில்லை.

வனப்பின் இருப்பிடம்

இனித் திறனாய்வுக்கு வருவோம். வட்டச் சமச்சீர் எதனையும் அழகாக்கிவிடும். கறைபட்ட துணியையும் எட்டாக வெட்டிக் கூட்டினால் கண்ணுக்கு இனிதாகவே தோன்றும். ஆகவே சமச்சீரைக் கண்டு மட்டும் ஒரு போர்வையைப் பாராட்டுதல் முறையன்று. அது முறை தந்த அழகே ஒழிய, செய்தவர் தந்த அழகன்று. செய்தவரின் திறம் மூன்று இடங்களில் வெளிப்படுகிறது.

முதலாவது, வெட்டும் இடம். ஆப்பின் முனை பூவின் வெற்றுப் பின்புலத்தில் விழுந்தால் வட்டத்தின் நடுவே ஓட்டை விழுந்தாற்போல் இருக்கும். பாதி இதழின்மேல் விழுந்தால், மூலத்துணியில் இல்லாத தாமரை பிறக்கும். இரண்டாவது, ஒளியும் நிழலும். சிறுபூக்கள் நெருங்கிய துணியில் எங்கு வெட்டினும் ஒரே கலங்கல்தான் கிடைக்கும்; பெரிய உருவும் ஆழ்ந்த நிற வேறுபாடும் உள்ள துணியே ஒவ்வொரு வட்டத்தையும் வேறாக்கும். மூன்றாவது, அண்டை வட்டத்தோடு கொள்ளும் உறவு. இப்போர்வைகளில் பெரும்பாலானவை தவறுவது இங்கேதான். ஐம்பது பூக்களும் ஐம்பது மேடைகளில் ஒரே நேரத்தில் பாடுகின்றன. இளைப்பாறக் கண்ணுக்கு இடமில்லை. சிறந்த கலைஞர் வெளிர் வட்டத்தைக் கரு வட்டத்துக்கு மெல்லக் கொண்டுசென்று, பகல் இரவாவது போல் போர்வையை நடத்திச் செல்வர்.

இக்கலையின் இன்னொரு குறையையும் மறைத்தல் ஆகாது. 24 அங்குலச் சுற்றுடைய துணியில் எட்டடுக்கு எனின் 192 அங்குலம், ஏறத்தாழ ஐந்து மீட்டர் புதுத்துணி வேண்டும். இரண்டு மீட்டர் அளவான சாரோங் ஒன்று இதற்குப் போதாது. ஒட்டுப்போர்வையோ பல இடங்களில் வறுமையில் பிறந்தது. நம் 'கந்தை' என்னும் சொல்லும் வங்காளத்துக் 'காந்தா' போர்வையும் 'கந்தா' என்னும் ஒரே வடசொல்லடிப் பிறந்தவை. தோட்டத்து லயங்களில் நைந்த சேலையை மடித்துத் தைத்துப் பிள்ளைக்கு விரிப்பாக்கிய தாய்க்கு ஒத்த துண்டுகள் எட்டு எங்கே கிடைத்தன? அவள் கையில் இருந்தவை ஒவ்வாத துண்டுகள். அவற்றைப் பொருத்த அவளுக்கு முறை எதுவும் துணைநிற்கவில்லை. ஒவ்வொரு தையலிலும் தானே முடிவுசெய்தாள். அவ்வுழைப்பைக் கைவினை என்றும் கலை என்றும் எண்ணாது விட்டது நம் தவறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது அவ்விரிப்புகளும் மறைந்தன. அருங்காட்சியகம் ஏறிய போர்வையைப் போற்றும்போது, ஏறாத கந்தையையும் நினைத்தல் கடன்.

மடக்கு தரும் விடை

தொடங்கிய வினாவுக்கு இனி விடை கூறலாம். திருஞானசம்பந்தர் பாடிய திருவேகபாதத்தில் ஒவ்வொரு பாட்டிலும் ஓர் அடியே நான்கு முறை வருகிறது. எழுத்து மாறுவதில்லை, சொல்லைப் பிரிக்கும் இடம் மாறுகிறது, பொருள் மாறுகிறது. ஒரே துணியில் ஆப்பை இங்கு வைத்தால் ஒரு பூவும், விரலளவு தள்ளி வைத்தால் வேறொரு பூவும் கிடைப்பது இதனையே ஒக்கும். முன்னர்க் கூறியதே மீண்டும் வந்து, முன் இல்லாத ஒன்றைத் தருமாயின் அது மடக்கு. தாராதாயின் அது கூறியது கூறல். குற்றத்துக்கும் அணிக்கும் இடையிலுள்ள எல்லை இதுவே.

இவ்வெல்லை நம் வகுப்பறைக்கு மிகவும் வேண்டுவது. மனனம் செய்த தொடர்களை அடுக்கிக் கட்டுரை எழுதும் பழக்கம் நம் மாணவரிடம் வேரூன்றியுள்ளது. ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னரும் அப்பழக்கம் நீங்கிற்று என்று கூறுவதற்கில்லை. கதிரவன் எழாத தொடக்கமும் நன்றி கூறாத முடிவும் கொண்ட கட்டுரை அருகியே வருகிறது. மரபுத் தொடரையும் பழமொழியையும் கற்பிப்பது தவறன்று. அவை நாம் அளிக்கும் அச்சுத்துணி. ஆனால் துணியை மடித்துக் கையில் கொடுப்பதோடு நம் பணி முடிந்துவிடுவதில்லை. எங்கு வெட்டுவது, எப்படித் திருப்பி வைப்பது, எதன் அருகில் எதனை அமைப்பது என்பதையும் கற்பிக்கவேண்டும். பழஞ்சொல் ஒன்றைத் தன் வாழ்விலிருந்து எடுத்த செய்தியின் அருகில் வைத்து ஒரு மாணவன் எழுதுவானாயின், அச்சொல் அவனுடையதாகிறது. அவ்வாறு எழுதும் மாணவரை உருவாக்குவதே தமிழாசிரியர்க்குரிய கடமை என்பது எம் துணிபு.