எருக்கஞ்செடிக்கு முன்னால் ஒரு காலை

காட்டுயிர்ப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் டாப்சிலிப்பு, முதுமலைக் காடுகளுக்கு வண்டி பிடிக்கிறார்கள். அங்கே பல நேரம் கேமராவில் சிக்குவது ஓடி மறையும் வால்தான். தெருமுனைக் காலிமனையில் நிற்கும் எருக்கஞ்செடி எங்கும் ஓடாது.

ஒரு சிறு இடத்துக்குள் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்க்க, அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டேவிட் லிட்ஷ்வாகர் ஓரடிக் கனசதுரமாகப் பச்சை நிற உலோகச் சட்டம் ஒன்றைச் செய்துகொண்டார். நியூயார்க் சென்ட்ரல் பூங்கா, தென்னாப்பிரிக்காவின் டேபிள் மலை, மூரியா தீவின் பவளத்திட்டு என்று அதைக் கொண்டுபோய் வைத்து, உள்ளே வாழ்ந்தவை, கடந்து போனவை என, கண்ணில் பட்ட உயிர்களையெல்லாம் படமெடுத்தார். 2010-இல் நேஷனல் ஜியாகிரஃபிக் அவற்றை வெளியிட்டது; 2012-இல் புத்தகமும் வந்தது. பெரும்பாலும் வெள்ளைப் பின்னணியில் தனித்தனி உருவங்கள். அழகுதான். ஆனால் யார் யாரைத் தின்று பிழைக்கிறார்கள் என்பது அந்த வெள்ளையில் காணாமல் போகிறது. எனவே அவரிடம் எல்லையை மட்டும் கடன் வாங்குவோம். பின்னணிக்குச் செடியே இருக்கட்டும்.

கேமராவை உடனே எடுக்காதீர்கள். முதலில் கடிபட்ட இலைகளைத் தேடுங்கள். ஓட்டை விழுந்த இலையின் அடிப்பக்கம் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு ஒரு புழு இருக்கலாம். முதுகில் மூன்று இணைக் கறுப்புக் கொம்புகள் இருந்தால் அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. சில சமயம் அது இலை நரம்பை முதலில் கடித்துப் பால் வரத்தை அடைத்துவிட்டு, அப்புறம் நிதானமாகத் தின்னும். படமாக வேண்டியது அந்த வேலைதான்: புழு, வெட்டுப்பட்ட நரம்பு, கசிந்த பால் மூன்றும் ஒரே சட்டகத்துக்குள் வர வேண்டும். புழுவின் முகம் மட்டும் பளிச்சென்று தெரியும் படத்தை யாரும் எடுத்துவிடுவார்கள்.

கொழுந்தில் மஞ்சள் அசுவினி அப்பிக் கிடக்கும். அங்கே பொறிவண்டு வரும், அதன் புழுவும் வரும். கூட்டத்துக்கு நடுவே பழுப்பேறி உப்பிய அசுவினி ஒன்றைக் கண்டால் கூர்ந்து பாருங்கள். அதன் உடலில் வட்டமாக ஒரு துளை இருந்தால், உள்ளே வளர்ந்த சிறு குளவி வெளியேறிவிட்டது. இதற்கு மேக்ரோ லென்ஸ் வேண்டும். போனில் மாட்டும் மலிவு லென்ஸே தாராளம்.

பூவுக்கு வரும் கருந்தச்சு வண்டை ரசிக்கப் பொறுமை தேவை. எருக்கின் மகரந்தம் தூளாக உதிராது. இணை இணையான பொட்டலமாக வண்டின் காலில் மாட்டிக்கொண்டு போகும். வண்டைத் துரத்தாமல் ஒரு பூங்கொத்தில் குவியம் வைத்துக் காத்திருங்கள். எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கால்களில் தேடினால் தெரியும்.

வெயில் ஏறுவதற்குள் செடியருகே போய்விடுங்கள். காலைக் குளிரில் பூச்சிகள் மந்தமாக இருக்கும், நிழலும் மென்மை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும். இலையைப் பிடித்த கையால் கண்ணைக் கசக்க வேண்டாம். மஞ்சளும் நீலப்பச்சையுமாக மினுங்கும் வெட்டுக்கிளியையும் கையில் பிடிக்காதீர்கள். அதன் குஞ்சை அழுத்தினால் நாற்றநீரைப் பீய்ச்சும்.

இரண்டு நாள் கழித்துப் போகும்போது புழுவைக் காணோம் என்றால், ஏதோ தின்றுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பக்கத்துப் புல், முள்வேலி, சுற்றுச்சுவர் விளிம்பு எல்லாம் தேடிப் பாருங்கள். பச்சையாகவோ வெளிர் ரோஜா நிறத்திலோ கூட்டுப்புழு தொங்கக்கூடும்.