பின்னலின் கணிதம்: வடிவியல் குலக் கோட்பாட்டின் மரபுகளும் அளவுகோல்களும்

தேக்காவில் கேம்பல் லேன், பஃபலோ ரோடு பக்கம் கல்யாணத்துக்குப் பூ வாங்கப் போகாத தமிழ்க் குடும்பம் சிங்கப்பூரில் குறைவு. அந்தப் பூவில் ஒரு பங்கு மணப்பெண்ணின் சடையில் ஏறுகிறது. சடை பின்னத் தெரிந்த ஒவ்வொரு கையும் தன்னை அறியாமல் ஒரு கணிதப் பொருளை உருவாக்குகிறது. அந்தப் பொருளைப் பற்றிய முறையான ஆராய்ச்சி தொடங்கி நூறு ஆண்டு ஆகிறது. அதன் சிறந்த முடிவுகளில் ஒன்று இந்தத் தீவில், கெண்ட் ரிட்ஜில் உருவானது.

இலக்கியம், இசை, நாட்டியம் ஆகியவற்றின் மரபுகளை நம் சிறப்பு மலர்களில் விரிவாகப் பேசுகிறோம். கணிதத்துக்கும் மரபுகள் உண்டு, ஆசான்கள் உண்டு, தரம் பார்க்கும் முறை உண்டு. வடிவியல் குலக் கோட்பாடு என்னும் துறையை அந்த வகையில் வாசகருக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். கண்ணால் கண்டதைக் கணக்கால் நிறுவுவதும், கணக்கில் கிடைத்ததைக் கண்ணால் காண்பதும் இத்துறையின் இரட்டைக் கடமை. இதன் வரலாறு முழுவதும் இந்த இரண்டையும் சேர்த்து நிறைவேற்றும் முயற்சிதான்.

மூன்று புரிகள்

சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று ரிப்பன்களை இடமிருந்து வலமாக வைத்து வழக்கமான சடையைப் பின்னுங்கள். முதலில் இடப்புறப் புரி நடுப்புரியின் மேலே வரும்; அடுத்து வலப்புறப் புரி நடுப்புரியின் மேலே வரும். இப்படி மாறி மாறி ஆறு முறை செய்தால் மூன்று நிறங்களும் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும்.

இப்போது ஒவ்வொரு குறுக்கீட்டையும் கவனியுங்கள். சிவப்பும் மஞ்சளும் இரண்டு முறை சந்தித்தன. இரண்டு முறையும் சிவப்பே மேலே போனது. மஞ்சளும் பச்சையும் சந்தித்தபோதெல்லாம் மஞ்சள் மேலே. பச்சையும் சிவப்பும் சந்தித்தபோதெல்லாம் பச்சை மேலே. சிவப்பு மஞ்சளை வெல்கிறது, மஞ்சள் பச்சையை வெல்கிறது, பச்சை சிவப்பை வெல்கிறது. இந்தச் சுழற்சிதான் சடையைக் கட்டிப்பிடிக்கிறது. எந்த ஒரு புரியை உருவினாலும் மீதி இரண்டில் ஒன்று முழுக்க மற்றதன் மேல் கிடக்கும். பின்னல் என்று எதுவும் மிஞ்சாது. எந்தப் புரியை எடுத்தாலும் அவிழ்ந்துவிடும் பின்னல்களுக்கு ஜெர்மானியக் கணிதர் ஹெர்மன் ப்ருன் பெயரால் ப்ருன் பின்னல்கள் என்று பெயர்.

பின்னல்கள் அனைத்தும் சேர்ந்து, கணிதத்தில் குலம் (group) எனப்படும் ஓர் அமைப்பாகின்றன. ஒரு பின்னலின் கீழ் இன்னொன்றை ஒட்டினால் புதிய பின்னல் கிடைக்கும். எந்தப் பின்னலையும் தலைகீழ் வரிசையில் அவிழ்க்கலாம். பின்னாமல் நேராகத் தொங்கும் புரிகள் சமனி உறுப்பு. 1925-இல் எமில் ஆர்டின் இந்தக் குலத்தை முறையாக விவரித்தார். n புரிகளுக்கு அடிப்படைக் குறுக்கீடுகள் n−1 மட்டுமே. அவற்றுக்கு இரண்டே வகை விதிகள். ஒன்றையொன்று தொடாத குறுக்கீடுகளை எந்த வரிசையிலும் செய்யலாம். அடுத்தடுத்த மூன்று புரிகளில் ‘முதல் ஜோடி, இரண்டாம் ஜோடி, மறுபடி முதல் ஜோடி’ என்று கடத்துவதும், ‘இரண்டாம் ஜோடி, முதல் ஜோடி, மறுபடி இரண்டாம் ஜோடி’ என்று கடத்துவதும் ஒரே பின்னலைத் தரும். பின்னல்களைப் பற்றிய மற்ற எல்லாச் சமன்பாடுகளும் இந்த இரண்டிலிருந்தே பிறக்கின்றன.

டேன் தொடங்கிய மரபு

இத்துறையின் முதல் மரபு வினாவால் பிறந்தது. 1911-இல் மாக்ஸ் டேன் குலங்களைப் பற்றி மூன்று வினாக்களை முன்வைத்தார். அவற்றில் அடிப்படையானது இது: செயல்களின் ஒரு நீண்ட வரிசையைக் கொடுத்தால், அது ஒன்றும் செய்யாததற்குச் சமமா என்று கண்டறிய ஒரு திட்டவட்டமான வழிமுறை உண்டா? சடையின் மொழியில் கேட்டால், சிக்கலாகத் தோன்றும் ஒரு பின்னல் உண்மையில் அவிழக்கூடியதுதானா?

எல்லாக் குலங்களுக்கும் இதற்கு வழிமுறை கிடையாது என்று 1955-இல் ரஷ்யாவின் நோவிகோவும், தொடர்ந்து அமெரிக்காவின் பூனும் நிறுவினார்கள். பின்னல் குலம் அந்த வகையில் பாக்கியம் செய்தது. ஆர்டினே அதற்கு வழிமுறை தந்தார். ஒரு பின்னலின் ஒரு முனையில் வேறொரு பின்னலையும் மறுமுனையில் அதன் எதிர்ப்பின்னலையும் ஒட்டி, அதை இன்னொரு குறிப்பிட்ட பின்னலாக்க முடியுமா என்ற கடினமான வினா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அதை 1969-இல் வெளியான கட்டுரையில் தீர்த்தவர் ஃபிராங்க் கார்சைட். பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தவர்; பின்னாளில் ஆக்ஸ்போர்டு நகரின் மேயராகவும் இருந்தார். எல்லாப் புரிகளையும் ஒருசேர அரைச்சுற்று திருப்பும் பின்னலை அவர் கையில் எடுத்தார். எந்தப் பின்னலையும் ‘சில அரைச்சுற்றுகள், அதற்குப் பிறகு ஒரே திசைக் குறுக்கீடுகள்’ என்று ஒழுங்காக எழுதிவிடலாம் என்று காட்டினார். இன்று கார்சைட் குலங்கள் என்று ஒரு பெரிய குடும்பமே அவர் பெயரில் இருக்கிறது.

தர்ஸ்டன் மரபு

இரண்டாம் மரபு பரப்புகளைப் பார்க்கிறது. ஒரு வட்டத் தட்டில் மூன்று புள்ளிகள் ஒன்றையொன்று சுற்றி இடம் மாறுகின்றன. அவற்றின் பாதையை நேரத்தின் ஓட்டத்தில் கீழ்நோக்கி வரைந்தால் பின்னல் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு பின்னலும் தட்டை இழுத்து வளைக்கும் ஒரு செயல். வில்லியம் தர்ஸ்டன் 1970-களில் இத்தகைய செயல்களை மூன்று வகையாகப் பிரித்தார்: சில முறை திரும்பச் செய்தால் பழைய நிலைக்கு வருபவை, சிறு துண்டுகளாகப் பிரித்துப் பார்க்கக்கூடியவை, பரப்பு முழுவதையும் கலக்கி நீட்டுபவை.

நம் வீட்டுச் சடை மூன்றாம் வகை. தட்டில் இரண்டு புள்ளிகளைச் சூழ்ந்து ஒரு வளைகோட்டை வரைந்துவிட்டுச் சடை பின்னினால், இடம் ஒன்று வலம் ஒன்று என ஒவ்வொரு ஜோடிக் குறுக்கீட்டுக்கும் அந்தக் கோடு போகப் போக ஏறத்தாழ 2.618 மடங்கு நீண்டுகொண்டே போகும். அந்த எண் பொன் விகிதத்தின் வர்க்கம். மூன்று புரிகளில் இந்த வகைக்கு இதைவிடக் குறைந்த நீட்சி கிடையாது. பாட்டி கற்றுக்கொடுத்த பின்னலுக்குள் இவ்வளவு துல்லியமான எண் உட்கார்ந்திருப்பதைக் காட்டியதே இந்த மரபின் சாதனை.

குரோமோவ் மரபு

மூன்றாம் மரபு குலத்தையே ஓர் ஊராகப் பார்க்கிறது. ஒவ்வொரு உறுப்பும் ஒரு சந்திப்பு. ஒவ்வொரு அடிப்படைச் செயலும் ஒரு தெரு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எத்தனை தெரு கடக்க வேண்டுமோ அதுவே தூரம். சதுரக் கட்டமாகத் தெருக்கள் அமைந்த ஊரில் பத்துத் தெருவுக்குள் 221 சந்திப்புகளை அடையலாம். எந்தத் தெருவும் சுற்றி வந்து சேராமல், ஒவ்வொரு சந்திப்பிலும் நான்கு தெருக்கள் இருக்கும்படி கிளைத்துக்கொண்டே போகும் ஊரில் அதே பத்துத் தெருவுக்குள் 1,18,097 சந்திப்புகள். இந்த வளர்ச்சி வேகம் குலத்தின் உள்ளமைப்பைக் காட்டிக்கொடுக்கும் என்று மிகைல் குரோமோவ் 1981-இல் நிறுவினார்: பல்லுறுப்புக்கோவை வேகத்தில் வளரும் குலங்கள் ஏறத்தாழ பரிமாற்றுத் தன்மை கொண்ட எளிய அமைப்புடையவை. 1987-இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை ‘அதிபரவளையக் குலங்கள்’ என்ற கருத்தை நிலைநாட்டியது. முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் மற்ற இரண்டு பக்கங்களை ஒட்டியே கிடக்கும் ஊர்கள் அவை. 2009-இல் அவருக்கு ஏபெல் பரிசு கிடைத்தது.

இந்த மூன்றின் சங்கமமாக நான்காவது மரபு உருவாகியுள்ளது. குலத்துக்காகக் கனசதுரங்களை அடுக்கிய ஒரு வெளியை அமைத்து, அதை வெட்டும் சுவர்களைக் கொண்டு குலத்தை ஆராய்வது அது. டேனியல் வைஸும் அவருடன் உழைத்தவர்களும் அடித்தளம் போட, 2012-இல் இயன் அகோல் முப்பரிமாண வெளிகளைப் பற்றிய தர்ஸ்டனின் முக்கிய வினாவுக்கு அதன் வழியே விடை கண்டார்.

கெண்ட் ரிட்ஜில்

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் கணித அறிவியல் கழகம் 2000-இல் தொடங்கப்பட்டது. 2007-இல் அங்கே பின்னல்களுக்கென்றே ஒரு நீண்ட ஆய்வு நிகழ்ச்சி நடந்தது. அதன் அறிமுக விரிவுரைகள் 2010-இல் சிங்கப்பூரின் வோர்ல்டு சயின்டிஃபிக் பதிப்பகத்தின் நூலாக வந்தன. அதே 2010-இல், குலங்களின் வடிவியல் உருவகங்களைப் பற்றிய இன்னொரு நிகழ்ச்சியும் அக்கழகத்தில் நடந்தது.

அந்த நிகழ்ச்சிகளுக்கு முன்பே விதை ஊன்றப்பட்டிருந்தது. பல்கலைக்கழகத்தின் ஜான் பெரிக், வோங் யான் லோய், வூ ஜியே ஆகியோரும் அமெரிக்காவின் ஃப்ரெட் கோஹனும் 2006-இல் வெளியிட்ட கட்டுரை, மேலே பார்த்த ப்ருன் பின்னல்களை எதிர்பாராத ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. ஒரு கோளத்தின் மேல் உயர்பரிமாணக் கோளங்களை எத்தனை விதமாகப் படரவிடலாம் என்பது 1931-இல் ஹைன்ஸ் ஹாப்ஃப் முதல் உதாரணம் கண்டதிலிருந்து கணிதர்களைத் திணறடிக்கும் வினா. அதன் முழு விடை இன்றும் கிடைக்கவில்லை. கோளத்தின் மேல் பின்னப்படும் ப்ருன் பின்னல்களில், தட்டையான தளத்தில் பின்னி எடுத்துவரக்கூடியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது எதுவோ அதுவே அந்த விடை என்று இவர்கள் நிறுவினார்கள். ஐந்து புரிகளிலிருந்து இது பொருந்தும். ஐந்து புரிகளுக்கு மிஞ்சுவது இரண்டே வகை. ஒரு புரியை எடுத்தால் அவிழும் சடையும், உயர்பரிமாணக் கோளங்களும் ஒரே கணக்கில் வந்து சேர்ந்தன.

அதே துறையில் டான் செர் பியாவ், வோங் யான் லோய், ஜாங் யிங் ஆகியோர் மெக்‌ஷேன் முற்றொருமையை விரிவாக்கினார்கள். ஒரு துளையுள்ள அதிபரவளைய வளையத்தில் தன்னைத்தானே வெட்டாத எல்லா மூடிய குறும்பாதைகளின் நீளங்களையும் ஒரு குறிப்பிட்ட முறையில் கூட்டினால், வளையத்தை எப்படி வளைத்தாலும் கூட்டுத்தொகை 1/2 என்று நிற்கும் என்பது கிரெக் மெக்‌ஷேன் கண்ட உண்மை. கூம்பு முனைகளும் விளிம்புகளும் உள்ள பரப்புகளுக்கு அதைக் கொண்டுசென்றது சிங்கப்பூர்க் குழுவின் பணி.

இந்தியருக்கும் இந்த மரபில் பங்கு உண்டு. சென்னை விவேகானந்தா கல்லூரியில் படித்து டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய எம். எஸ். ரகுநாதன் 1972-இல் தனித்த உட்குலங்களைப் பற்றி எழுதிய நூல் இன்றும் அத்துறையின் ஆதார நூல். தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் பரமேஸ்வரன் சங்கரன் குலங்களையும் இடவியலையும் இணைத்து ஆராய்ந்தார். இராமகிருஷ்ண மடத்துத் துறவியான மகான் மகராஜ், பேலூர் மடத்தின் விவேகானந்தா பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, கேனன்–தர்ஸ்டன் வினாவுக்குப் பரப்புக் குலங்களில் விடை கண்டார். அது 2014-இல் வெளியானது.

தரம் பார்க்கும் முறை

இம்மரபுகள் எவ்வளவு வேறுபட்டாலும் மூன்று அளவுகோல்களில் ஒத்துப்போகின்றன.

முதலாவது, படம் வழிகாட்டும். நிறுவல்தான் தீர்ப்புச் சொல்லும். 1910-இல் டேன் தந்த ஒரு நிறுவலில் ஓட்டை இருப்பதை 1929-இல் க்னேசர் கண்டார். கூற்று சரிதான் என்று 1957-இல் பாப்பாகிரியாகோபூலஸ் நிறுவும்வரை அது ஏற்கப்படவில்லை. ஆர்டின் தம் 1925 கட்டுரையின் நிறுவல்கள் பெரும்பாலும் உள்ளுணர்வையே சார்ந்தவை என்று தாமே சொல்லி, 1947-இல் முழுக் கண்டிப்போடு மீண்டும் எழுதினார். யாரும் குறை சொல்வதற்கு முன் தம் வேலையைத் தாமே உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது இத்துறையின் உயர்ந்த பண்பு.

இரண்டாவது, கண்ட உண்மை நாம் தேர்ந்த குறியீட்டைச் சார்ந்திருக்கக் கூடாது. அடிப்படைச் செயல்களை மாற்றினால் தூரங்கள் மாறும். ஆனால் ஓர் எல்லைக்குட்பட்ட மடங்கிலேயே மாறும். அந்த மாற்றத்தைத் தாங்கி நிற்பதுதான் குலத்தின் உண்மையான குணம்.

மூன்றாவது, ‘வழிமுறை உண்டு’ என்பவர் அது எந்தக் கேள்விக்கும் முடிவுக்கு வரும் என்று காட்ட வேண்டும்; எவ்வளவு நேரத்தில் என்றும் சொன்னால் இன்னும் உயர்வு. 1999, 2000 ஆண்டுகளில் பின்னல் குலங்களைக் கொண்டு ரகசியக் குறியீட்டு முறைகள் முன்மொழியப்பட்டன. பின்னலை ஒன்றிலிருந்து மற்றதாக்கும் வினா கணினிக்குக் கடினம் என்ற நம்பிக்கையில் அவை எழுந்தன. ஆய்வாளர்கள் விரைவிலேயே அந்த முறைகளின் பலவீனங்களைக் கண்டுபிடித்தார்கள். கடினம் என்று தோன்றுவதும் கடினம் என்று நிறுவப்பட்டதும் வேறு வேறு.

திறந்து கிடக்கும் வினாக்கள்

1930-களில் வெர்னர் புராவ் பின்னல்களை அணிகளாக எழுத ஒரு வழி தந்தார். மூன்று புரிகளுக்கு அந்த அணி பின்னலைத் தப்பாமல் அடையாளம் காட்டும். ஐந்தும் அதற்கு மேலும் ஆனால் தவறும். ஐந்துக்கான தீர்ப்பை 1999-இல் ஸ்டீவன் பிகலோ தந்தார். இடையில் நிற்கும் நான்கு புரி நீண்டகாலமாகப் பிடி கொடுக்காமல் இருக்கிறது. வேறு அணிகளால் எல்லாப் பின்னல்களையும் தப்பாமல் எழுதலாம் என்று பிகலோவும் டான் கிராமரும் பின்னர் காட்டிவிட்டார்கள். ஆனாலும் புராவின் வினா தன் இடத்திலேயே நிற்கிறது. பின்னல் குலங்கள் எல்லாம் நேர்மறையற்ற வளைவுள்ள வெளியில் ஒழுங்காக இயங்குமா என்பது இன்னொரு வினா. ஆறு புரிக்கு ‘ஆம்’ என்று 2016-இல் விடை வந்தது. எல்லா எண்ணிக்கைக்கும் பொதுவான விடை இன்னும் தேவை.

நாலுகால் பின்னல் தெரிந்த கைகள் நம் வீடுகளில் இருக்கின்றன. நான்கு புரி வினாவைப் புரிந்துகொள்ளத் தேவையான அணிக் கணக்கைப் பல்கலைக்கழக முதலாண்டிலேயே கற்றுவிடலாம். நம் பிள்ளைகளுக்கு விடையைச் சரியாகப் போடும் திறமை நிறையவே இருக்கிறது. தேர்வுகள் அதைக் கேட்கின்றன, பெற்றோரும் அதையே கேட்கிறோம். அந்த விடை ஏன் சரி என்று கடைசி வரி வரை நிறுவும் பழக்கத்தையும் நாம் கேட்கத் தொடங்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியிலேயே மூன்று ரிப்பனை மேசையில் வைத்துப் பின்னி, ஒன்றை எடுத்தால் ஏன் அவிழ்கிறது என்று ஒரு மாணவி தமிழில் நான்கு வாக்கியத்தில் நிறுவட்டும். ஆர்டினை இருபத்திரண்டு ஆண்டு கழித்துத் தம் வேலையைத் திரும்ப எழுதவைத்த அதே ஒழுக்கம், அவளிடம் அந்த நான்கு வாக்கியத்தில் தொடங்கும்.