ஓடையில் இறங்கும் வரலாறு
அமெரிக்க ட்ரவுட் இலக்கியம் பற்றிய ஒரு மதிப்பீடு

சமூக மாற்றத்தில் அக்கறை கொண்ட திறனாய்வு, தனிமனிதன் ஒருவன் தூண்டிலோடு மலையோடை நாடிச் செல்வதைப் பொருளாகக் கொள்ளும் ஆக்கங்களை ஐயத்துடனேயே நோக்கி வந்துள்ளது. உழைப்பும் முரண்பாடும் நிறைந்த உலகிலிருந்து தப்பிச் செல்லும் மனப்பாங்கே அவற்றின் ஊற்று என்பது வழமையான கணிப்பு. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க இலக்கியத்தில் ட்ரவுட் மீன்பிடி பெறும் இடம் இக்கணிப்புக்கு வலுச் சேர்ப்பது போலத் தோன்றும். குளிர்ந்து தெளிந்த நீரை வேண்டும் அம்மீனைத் தேடுவோன், ஆலையையும் அங்காடியையும் விட்டு நெடுந்தூரம் செல்ல வேண்டியவனாகின்றான். எனினும் இத்துறையின் முக்கிய படைப்புகள் மூன்றினைக் கூர்ந்து நோக்குமிடத்து, ஓடைக்குச் சென்றவன் வரலாற்றைக் கரையில் விட்டுச் செல்லவில்லை என்பது புலனாகும்.

முதலாவது, 1925 இல் ஏர்னஸ்ட் ஹெமிங்வே வெளியிட்ட, 'இருநெஞ்சப் பேராறு' எனத் தமிழிற் கூறத்தக்க சிறுகதை. இதில் நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. நிக் அடம்ஸ் என்னும் இளைஞன் மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியிற் புகைவண்டியை விட்டு இறங்குகிறான், கூடாரம் அமைக்கிறான், சமைக்கிறான், மீன் பிடிக்கிறான். போர் பற்றிய குறிப்பு எங்குமில்லை. ஆயின் அவன் இறங்கும் ஊர் எரிந்து கிடக்கிறது. அங்குள்ள வெட்டுக்கிளிகளும் கரி படிந்து கறுத்துள்ளன. 1918 இல் இத்தாலியப் போர்முனையிற் காயமுற்ற ஹெமிங்வே, இது போரிலிருந்து மீண்டு வருதல் பற்றிய கதை எனப் பிற்காலத்திற் குறிப்பிட்டுள்ளார். அக்குறிப்பு இல்லாவிடினும் கதையே அதனை உணர்த்தும். சிறு மீனொன்றைத் திரும்ப ஆற்றில் விடுமுன் நிக் தன் கையை நனைத்துக் கொள்கிறான். உலர்ந்த கை பட்டால் மீனின் மேனியிலுள்ள மென்படலம் நீங்கி, அவ்விடத்தைப் பூஞ்சணம் பற்றும் என்பதை அவன் அறிவான். காயப்படுதல் எத்தகையது என்று அறிந்தவனின் கை அது. இறுதியில் இருண்ட சதுப்பு நிலத்துள் மீன்பிடிக்க அவன் துணிவதில்லை. அதனை வேறொரு நாளுக்கு ஒத்திவைக்கிறான். இதனைத் தப்பியோடுதல் என்பதிலும், நோயாளி தன் வலிமையை அளந்து நடத்தல் என்பதே பொருந்தும்.

இரண்டாவது, றிச்சர்ட் பிரோட்டிகன் எழுதி 1967 இல் வெளிவந்த 'அமெரிக்காவில் ட்ரவுட் மீன்பிடி' என்னும் நாவல். ஐடஹோ மாநிலத்து மலையோடைகளும் ஏரிகளும் இதிற் பயின்று வரினும், நூலின் தலைப்பே ஓரிடத்தில் மனிதனாகவும் வேறோரிடத்தில் விடுதியாகவும் உருமாறுகின்றது. தூரத்தில் அருவியெனக் கண்டு மகிழ்ந்த சிறுவன், அருகே சென்றதும் அது வெண்ணிற மரப்படிக்கட்டு என்று காண்கிறான். பழம்பொருட் கடையொன்றில், பயன்படுத்தப்பட்ட ட்ரவுட் ஓடை துண்டு துண்டாக அடுக்கப்பட்டு அடிக்கணக்கில் விற்கப்படுகின்றது, அருவிகளுக்குத் தனிவிலை. இயற்கையும் பண்டமாகிவிட்டது என்னும் உண்மையை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது. ஆயின் விற்பவர் யார், இழப்பவர் யார் என்னும் வினாக்களுக்கு இந்நாவல் செல்வதில்லை. அங்கதம் கூர்மை பெறவேண்டிய இடங்களில் வேடிக்கை அதனை மழுங்கச் செய்துவிடுகின்றது.

மூன்றாவது, சிக்காகோப் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியராயிருந்த நோமன் மக்ளீன் தமது 73ஆவது வயதில், 1976 இல், வெளியிட்ட 'ஊடறுத்தோடும் ஓர் ஆறு' என்னும் குறுநாவல். மொன்டானாவின் பிளக்ஃபுட் ஆற்றில், சமயகுருவான தந்தை இரு மைந்தர்க்கும் நான்கு தாளக் கணக்கிற் தூண்டில் வீசக் கற்பிக்கிறார். இளையவனான போல் அக்கலையில் எவரும் நிகரற்றவனாகின்றான். ஆனால் ஆறு அவனைக் காக்கவில்லை. அவனுடன் திரியும் வட செயென் பழங்குடிப் பெண்ணை ஒருவன் இழிவு செய்ய, கைகலப்பு மூண்டு போல் சிறைக்கூடம் செல்கிறான். குடியும் சூதும் பற்றி இழுக்க, ஈற்றில் அடித்துக் கொல்லப்படுகிறான். அவனது கையெலும்புகள் முறிந்திருந்தன என்றறிந்த தந்தை, எந்தக் கை என்று வினவுகிறார். வலக்கை என்பதே விடை. தூண்டில் வீசிய கை அது. கலையின் முழுமையும் வாழ்வின் சிதைவும் அவ்வொரு விடையிற் சந்திக்கின்றன. மூன்றனுள்ளும் இதுவே நிறைவான படைப்பு எனலாம். ஆற்றின் அழகைக் குறைக்காமலே, அவ்வழகினால் இயலாததையும் இது ஒப்புக்கொள்கின்றது.

இப்படைப்புகளிற் பின்னணியாகவே நின்றுவிடும் உண்மையொன்றும் உண்டு. 'தூய இயற்கை' எனப்படுவதும் பெரும்பாலும் மனிதர் ஆக்கியதே. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரின் உயர்நில ஏரிகள் பெரும்பாலானவற்றில் ஆதியில் மீன்களே இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மனிதரே அங்கு ட்ரவுட்டைக் கொண்டு சென்றனர். இரண்டாம் உலகப் போரின் பின் விமானத்திலிருந்தும் குஞ்சுகள் சொரியப்பட்டன. அவற்றுக்கு இரையாகி அருகிய மஞ்சட்கால் தவளையினம் 2014 இல் அழிவை எதிர்நோக்கும் இனமென அறிவிக்கப்பட்டது. பிளக்ஃபுட் ஆறும் சுரங்கக் கழிவினாலும் மரம் வெட்டலாலும் சீர்கெட்டமையால், மக்ளீனின் கதை 1992 இல் திரைப்படமானபோது மீன்பிடிக் காட்சிகள் பெரும்பாலும் வேறு ஆறுகளிலேயே எடுக்கப்பட்டன.

இலங்கை வாசகருக்கு இது முற்றிலும் அந்நியமான செய்தியன்று. நுவரெலியாப் பகுதி ஓடைகளிலும் ஹோட்டன் சமவெளியிலும் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டவர்கள் பிரித்தானியரே. தோட்டத் துரைமாரின் ஓய்வுநேர விளையாட்டுக்கு உரியதாயிருந்த அவ்வோடைகளின் இரு மருங்கும், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் உழைப்பினாலேயே தேயிலை மலைகளாயின. ஒருவரது தனிமைக்கு இன்னொருவரது உழைப்பு விலையாகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனவே, மீன்பிடியைப் பாடுகின்றது என்னும் காரணத்துக்காக ஓர் ஆக்கத்தை ஒதுக்குதல் திறனாய்வாகாது. நீரின் அழகில் மயங்கி அதனைப் போற்றுதலும் திறனாய்வாகாது. அந்நீரில் எதன் நிழல் விழுகின்றது, எதன் நிழல் மறைக்கப்படுகின்றது என்பதே கேட்கப்பட வேண்டிய வினா.